வீட்டு வேலைகளை நானே செய்ய முதலில் எந்தக் கருவிகளை வாங்க வேண்டும்?

ஷெல்ஃப் மாட்டுவது, ஆடுகிற நாற்காலியைச் சரிசெய்வது போன்ற வேலைகளை இனி நீங்களே செய்யப் போவதாகவும், நூறு சாமான்கள் அடங்கிய டிரில் செட் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அதை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தை அளக்கிற, பிடிக்கிற சாமான்களில் போடுங்கள். டிரில் மிஷின் அப்புறம் வரட்டும்.

பதினைந்து வருடமாக வீட்டின் பின்னறையில் ஒரு பழைய மேசையைப் போட்டு வேலை செய்கிறேன். தச்சு என் தொழில் இல்லை. மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும் செய்து பழகியதுதான். இத்தனை வருடத்தில் என் கையில் கெட்டுப்போன வேலைகளை எண்ணிப் பார்த்தால், நல்ல மிஷின் இல்லாமல் கெட்டவை மிகக் குறைவு. கோடு தப்பிக் கெட்டவையும், அறுக்கும்போது பலகை நகர்ந்து கெட்டவையும்தான் அதிகம்.

முதலில் டேப்பு. 5 மீட்டர் போதும். வாங்கியதும் அதன் நுனிக் கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசாக முன்னும் பின்னும் நகரும். பழுது என்று நினைத்துச் சிலர் அதைத் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. கொக்கியின் தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம்தான் அது நகரும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே வந்து, அளவு தகட்டின் உள்பக்கத்தில் தொடங்கும். சுவர் மூலையில் முட்டவைத்தால் உள்ளே போய், அளவு தகட்டின் வெளிப்பக்கத்தில் தொடங்கும். இரண்டு விதமாக அளந்தாலும் ஒரே கணக்கு வருவது அந்த ஒரு மில்லிமீட்டர் ஆட்டத்தால்தான். டேப்பு கீழே விழுந்து கொக்கி வளைந்துவிட்டால் அதை நம்ப வேண்டாம். 10 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து அளந்து, கடைசியில் 10 கழித்துக்கொள்ளுங்கள்.

படுமட்டம் பார்க்கும், குமிழி உள்ள ரசமட்டத்தை வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம். ஏதாவது ஒரு மேசைமேல் வைத்து, குமிழி எந்தப் பக்கம் எவ்வளவு ஒதுங்கி நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அதே இடத்தில் மட்டத்தை இடவலம் மாற்றி வையுங்கள். முதலில் ஜன்னல் பக்கம் ஒதுங்கிய குமிழி இப்போதும் ஜன்னல் பக்கமே, அதே அளவு ஒதுங்கினால் மட்டம் நல்லது. மேசை சரிவாக இருந்தாலும் இந்தச் சோதனை பொய்க்காது. மூலை 90 டிகிரியா என்று பார்க்கும் மூலமட்டத்துக்கும் இதே வழிதான்: நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போட்டு, திருப்பி வைத்து அதன்மேலேயே இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றானால் சரி. பெரிய சட்டத்தின் மூலைக்கு மூலமட்டம் எட்டாது. அங்கே ஒரு பக்கம் 30, மறுபக்கம் 40 சென்டிமீட்டர் குறித்து, குறுக்கே 50 வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பிடிமானம். பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் குறைந்தது இரண்டு வேண்டும், நான்கு இருந்தால் இன்னும் நல்லது. பலகையை ஒரு கையால் அமுக்கி மறு கையால் அறுப்பவருக்கு ரம்பம் கோணிக்கொண்டுதான் போகும். கிளாம்ப் போட்டுவிட்டால் இரண்டு கையும் ரம்பத்துக்குக் கிடைக்கும், கண் கோட்டிலேயே நிற்கும். நீங்கள் சொன்ன நாற்காலிக்கும் முக்கியமாகத் தேவைப்படுவது கிளாம்ப்தான். ஆடுகிற மூட்டில் ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். மூட்டைக் கழற்றி, காய்ந்த பழைய பசையை உளியாலும் உப்புத்தாளாலும் மரம் தெரியும்வரை சுரண்டி எடுங்கள். காய்ந்த பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. வெள்ளைப் பசையைத் தடவி, இறுக்கி, ஒரு மணி நேரம் கிளாம்பில் விடுங்கள். 24 மணி நேரம் கழிந்தபின் உட்காரலாம்.

கைக்கருவிகளில் ஒரு சுத்தியல், ஒரு குறடு, நல்ல பல் உள்ள ரம்பம் ஒன்று, 12, 20 மில்லிமீட்டரில் இரண்டு உளி, ஒரு அரம், 80, 120, 180 எண் உப்புத்தாள் போதும். திருப்புளியில் மட்டும் ஒன்று கவனியுங்கள். கூட்டல் குறி உள்ள ஸ்குரு எல்லாம் ஒன்றில்லை. 1930களில் வந்த பிலிப்ஸ் ஒரு வகை. பின்னால் வந்த போஸிடிரைவ் இன்னொரு வகை, அதன் தலையில் நான்கு கைகளுக்கும் நடுவே மெல்லிய கோடுகள் இருக்கும். ஒன்றின் முனையை மற்றொன்றில் வைத்துத் திருகினால் வழுக்கித் தலை மழுங்கிப்போகும். அப்புறம் அந்த ஸ்குருவைக் கழற்றுவதே ஒரு நாள் வேலை.

இப்போது டிரில். என் முதல் ஷெல்ஃப் மாட்டி மூன்று வாரத்தில், நடுராத்திரி புத்தகங்களோடு கீழே வந்தது. கீழே யாரும் படுத்திருக்கவில்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்வேன். காலையில் பார்த்தபோது, ஸ்குருவைப் பிடித்துக்கொள்ளச் சுவர்த் துளைக்குள் இறக்கும் பிளக்கை விட்டு ஸ்குரு வரவில்லை. பிளக்கோடு சேர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப் பூச்சும் பெயர்ந்து வந்திருந்தது. பிளக் 30 மில்லிமீட்டர் நீளம். பூச்சு 15 மில்லிமீட்டர் தடிமன். அதாவது பிளக்கில் பாதி, எடை தாங்காத பூச்சுக்குள் உட்கார்ந்திருந்தது. துளை போட்ட மிஷினில் குறையே இல்லை. எவ்வளவு ஆழம் வேண்டும் என்று நான்தான் கணக்குப் போடவில்லை.

அதற்குப் பிறகு இப்படித்தான் செய்கிறேன். 8 மில்லிமீட்டர் பிட் (டிரில்லில் மாட்டும் துளைக்கம்பி), 40 மில்லிமீட்டர் நீள பிளக் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சுக்கு 15, பிளக்குக்கு 40, உள்ளே தங்கும் தூசிக்கு 10, ஆக 65. பிட்டின் நுனியிலிருந்து 65 மில்லிமீட்டர் அளந்து ஒரு ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுவேன், நாடா சுவரைத் தொட்டால் நிறுத்த வேண்டும். முதலில் ஹாமர் (பிட் சுற்றிக்கொண்டே இடிக்கும் முறை) போடாமல், மெதுவான வேகத்தில் சின்னப் பள்ளம் எடுப்பேன். எடுத்த எடுப்பில் ஹாமர் போட்டால் பிட் துள்ளிக் குறியை விட்டு விலகிவிடும். துளை இறங்கும்போது கீழே கொட்டும் தூளின் நிறத்தைப் பாருங்கள். பூச்சு முடியும்வரை சாம்பல், செங்கல் தொடங்கியதும் சிவப்பு. எத்தனையாவது மில்லிமீட்டரில் நிறம் மாறுகிறது என்பதே உங்கள் வீட்டுப் பூச்சின் தடிமன். செங்கல் எளிதில் உதிர்வதாக இருந்தால் ஹாமரே வேண்டாம், வெறுமனே சுற்றினாலே இறங்கும், துளையும் வாய் அகலாமல் இருக்கும். தூளை ஊதி வெளியேற்றி, பிளக்கைப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் தட்டி இறக்குங்கள். ஸ்குருவின் நுனி பிளக்கின் அடியைக் கொஞ்சம் தாண்ட வேண்டும், அப்போதுதான் பிளக் முழு நீளத்துக்கும் விரியும்.

நாம் ராவல் பிளக் என்று பொதுவாகச் சொல்வது ஒரு கம்பெனியின் பெயர். இங்கிலாந்தில் ஜான் ராலிங்ஸ் என்பவர் 1910களில் சணல் நாரில் செய்த பிளக்குக்கு வைத்தது. இன்று நாம் சுவரில் இறக்குகிற விரியும் நைலான் பிளக்கை 1958ல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் உருவாக்கினார்.

ஷெல்ஃபைத் தாங்கச் சுவரில் மாட்டும் ‘ட’ வடிவ பிராக்கெட்டிலும் ஒரு கணக்கு உண்டு. 25 சென்டிமீட்டர் அகல ஷெல்ஃபில் 20 கிலோ வைத்தால், எடை சுவரிலிருந்து சுமார் 12.5 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். பிராக்கெட்டின் அடிமுனையிலிருந்து மேல் ஸ்குரு 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், மேல் ஸ்குருக்களை வெளியே இழுக்கும் விசை மொத்தம் 12.5 கிலோ அளவுக்கு இருக்கும். உயரம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் அது 25 கிலோ. எனவே சுவரோடு ஒட்டுகிற கை நீளமாக இருக்கும் பிராக்கெட்டையே எடுங்கள். உங்களிடம் நல்ல பிளக் ஒன்றுதான் மிச்சம் என்றால் அது மேல் துளைக்குப் போகட்டும்.

என்ன டிரில் வாங்குவது? செங்கல், மரம், இரும்பு எல்லாவற்றுக்கும் சாதாரண இம்பாக்ட் டிரில் போதும். அதற்குள் பல்லுள்ள இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன, அதனால் நீங்கள் பலமாக அழுத்தினால்தான் அடி விழும். கான்கிரீட்டில் இது திணறும், கையும் மரத்துப்போகும். கான்கிரீட்டுக்கு ரோட்டரி ஹாமர்தான் சரி. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி அந்த வேகத்தில் பிட்டை அடிக்கிறது, நாம் மிஷினைத் தாங்கிப் பிடித்தாலே போதும். சுவர் முழுக்கக் கான்கிரீட் என்றால் இதையே வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சுவிட்ச், பிளக் பாயிண்ட் ஆகியவற்றுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளை போடவே போடாதீர்கள். வயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டிரில்லைத் தொடாதீர்கள். செங்கல், கான்கிரீட் தூளில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, அதனால் முகக்கவசமும் வேண்டும். ஹாமர் சத்தம் 85 டெசிபலை எளிதாகத் தாண்டும், காதுக்கும் அடைப்பான் போடுங்கள்.

வேகமாகச் சுற்றும் வட்டால் இரும்பையும் கல்லையும் வெட்டும் ஆங்கிள் கிரைண்டரை முதல் வருடம் வாங்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். அதன் சின்ன வட்டு நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை சுற்றும். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதன் காப்புத் தகட்டைக் கழற்றுகிறவர்களையும், மரம் அறுக்கும் பல் வட்டை அதில் மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது கையில் உதறினால் பிடித்து நிறுத்த நேரம் கிடைக்காது.

உளி புதிதாக இருந்தாலும் கூராக இருக்காது. ஆலையில் 25 டிகிரி சரிவு வைத்து அனுப்புவார்கள், கூர்மையை நாம்தான் ஏற்ற வேண்டும். முதலில் உளியின் தட்டையான முதுகை 1000 எண் சாணைக்கல்லில் வைத்து, நுனிப்பக்கம் ஒரே சீராக மின்னும்வரை தேயுங்கள். பிறகு சரிவுப் பக்கத்தை 30 டிகிரிக்குத் தூக்கிப் பத்துப் பதினைந்து முறை இழுங்கள். முதுகுப் பக்கம் விரலை வெளிப்புறமாக நகர்த்தினால், நுனியில் மெல்லிய பிசிர் ஒன்று தட்டுப்படும். அகலம் முழுக்க அந்தப் பிசிர் வந்துவிட்டால் கூர் வந்துவிட்டது என்று அர்த்தம். முதுகை மறுபடி கல்லில் படுக்கவைத்து இரண்டு முறை இழுத்தால் பிசிர் விழுந்துவிடும். மரத்தின் வெட்டுமுகத்தில் வைத்துக் கையாலேயே தள்ளிப் பாருங்கள், நொறுங்காமல் சுருளாகச் சீவிக்கொண்டு வரவேண்டும். மழுங்கிய உளிதான் கையைக் குத்தும், ஏனென்றால் அதற்குக் கூடுதலாகப் பலம் கொடுக்கிறோம்.

முதல் வேலையாக ஷெல்ஃபை எடுக்காதீர்கள், ஓர் அறுப்புப் பலகை செய்யுங்கள். 30க்கு 20 சென்டிமீட்டரில் ஒரு பலகை. அதன் அடியில் ஒரு விளிம்போரம் ஒரு மரக்கட்டை, மேலே எதிர் விளிம்போரம் இன்னொரு கட்டை. இரண்டையும் பசை போட்டு, கிளாம்பில் இறுக்கி ஒட்ட வேண்டும். அடிக்கட்டை மேசையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல்கட்டையில் மரத்தை முட்டவைத்து அறுக்கலாம். மேல்கட்டையை ஒட்டும்போது பலகையின் பக்க விளிம்புக்கு மூலமட்டம் வைத்துப் பாருங்கள், அங்கே கோணல் வந்தால் பின்னால் அறுப்பதெல்லாம் கோணலாகும். அறுக்கும்போது ரம்பத்தைக் கோட்டின்மேல் வைக்காமல், வேண்டாத துண்டின் பக்கமாகக் கோட்டை ஒட்டி வையுங்கள், ரம்பம் தின்கிற அகலம் அந்தப் பக்கம் போகட்டும். டேப்பு, மூலமட்டம், ரம்பம், கிளாம்ப், பசை இவ்வளவுதான் இதற்குத் தேவை. பசை காய்ந்த மறுநாள், ஷெல்ஃபுக்கான பலகையை இதன்மேல் வைத்தே அறுக்கலாம்.