அழித்த பிறகும் இடத்தை விடாத கோப்பு: சர்வர் கேள்வி-பதில்

டிஸ்க் 100 சதவீதம் நிரம்பிவிட்டதாக, இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை சொன்னது. 40 ஜிபி லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து அழித்தேன். டிஎஃப் இன்னும் அதே 100-லேயே நிற்கிறது; கோப்புகளின் அளவைச் சொல்லும் டியூ போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. ரீபூட் செய்துவிடட்டுமா?

ரீபூட் செய்தால் இடம் திரும்பி வந்துவிடும். ஆனால் எங்கே போயிருந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் இதே கேள்வியோடு வருவீர்கள்.

யூனிக்ஸில் ஆர்எம் கட்டளை கோப்பை அழிப்பதில்லை. டைரக்டரியில் இருக்கும் பெயரை மட்டும் எடுத்துவிடுகிறது. அந்தக் கோப்புக்கு ஒரு பெயரும் மிச்சமில்லை, எந்த ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) அதைத் திறந்து வைத்திருக்கவில்லை என்ற நிலை வந்தால்தான் இடம் விடுபடும். உங்கள் விஷயத்தில் ஏதோ ஒரு சர்வீஸ் அந்த லாகைத் திறந்தபடியே வைத்திருக்கிறது. பெயர் போன கோப்பில் இன்னும் எழுதிக்கொண்டும் இருக்கலாம். டியூ ஒவ்வொரு பெயராகப் பார்த்துக் கூட்டுவது. பெயரே இல்லாததால் இது அதன் கண்ணில் படாது. டிஎஃப் நேராக ஃபைல்சிஸ்டத்திடம் கணக்கு கேட்கிறது. ரெண்டும் பொய் சொல்லவில்லை.

ரூட் (நிர்வாகி) ஆக எல்எஸ்ஓஎஃப் கட்டளையை 'ப்ளஸ் எல்1' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அழித்த பிறகும் திறந்திருக்கும் கோப்புகள், அவற்றைப் பிடித்திருக்கும் ப்ராசஸ் எண்ணோடு வரிசையாக வரும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். அடுத்த முறை ஓடுகிற லாகை அழிக்காதீர்கள். ட்ரங்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்குங்கள். லாக்குகளைத் தானே சுழற்றி நீக்கும் லாக்ரொடேட்டை ஒழுங்காக அமைத்துவிட்டால் அதற்கும் வேலை இருக்காது.

அதன் பிறகும் கணக்கு உதைத்தால் இன்னொன்றைப் பாருங்கள். இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் உருவாகும்போதே 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கிவிடும். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி! வெறும் தரவு மட்டும் இருக்கும் டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கொண்டு 1 சதவீதமாகக் குறைக்கலாம். சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில் மட்டும் கை வைக்க வேண்டாம். எல்லாம் நிரம்பிய நாளில் உள்ளே நுழைந்து சரிசெய்ய அந்த இடம்தான் உதவும்.

8 ஜிபி ராமில் 200 எம்பிதான் ஃப்ரீ என்று காட்டுகிறது. இன்னொரு 8 ஜிபி வாங்கட்டுமா?

ஃப்ரீ என்ற பத்தியை விடுங்கள், அவைலபிள் என்ற பத்தியில் என்ன இருக்கிறது? சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் டிஸ்க் கேஷாக எடுத்துக்கொள்ளும். ப்ரோகிராம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். அதையும் கணக்கில் சேர்த்துச் சொல்வதுதான் அவைலபிள். 2014-ல் வந்த 3.14 கர்னலிலிருந்து இந்த எண் கிடைக்கிறது. கூடவே, வேலை மும்முரமான நேரத்தில் விஎம்ஸ்டாட்டை 5 விநாடி இடைவெளியில் ஓடவிட்டு எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளை (ராம் போதாமல் டிஸ்க்குக்கும் ராமுக்கும் இடையே போய்வரும் அளவு) கவனியுங்கள். ரெண்டும் பூஜ்யத்திலேயே இருந்தால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இல்லை, வாங்கத்தான் வேண்டும் என்றால் பெட்டியைத் திறக்கும் முன் டிஎம்ஐடிகோட் கட்டளையில் மெமரி பகுதியைப் பாருங்கள். எந்த ஸ்லாட்டில் என்ன வகை, என்ன வேகம் என்று பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் 288 பின்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் உட்காராது. சர்வர்களுக்கான ரிஜிஸ்டர்டு ராமையும் சாதாரண அன்பஃபர்டு ராமையும் கலக்க முடியாது. வேகம் வேறானால் எல்லாம் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.

மாட்டியதும் ஒரு ராத்திரி முழுக்க, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். நான் ஒருமுறை அதைச் சோம்பலில் விட்டேன். கம்பைல் செய்யும்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் சாய்ந்தது. 2 நாள் கம்பைலரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் ராம் மேல் சந்தேகமே வந்தது.

சர்வரில் என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றைக் கூடுதலாக மாட்டினேன். பூட் ஆகிறது, ஆனால் நெட்வொர்க் இல்லை. கேபிளை மாற்றியும் பயனில்லை.

கேபிள் பாவம், அதை விடுங்கள். மானிட்டரும் கீபோர்டும் இணைத்து ஐபி லிங்க் என்று அடித்துப் பாருங்கள். நெட்வொர்க் கார்டின் பழைய பெயர் இஎன்பி3எஸ்0 இப்போது இஎன்பி4எஸ்0 ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

முன்பெல்லாம் நெட்வொர்க் கார்டுகளுக்கு இத்0, இத்1 என்று கண்ணில் பட்ட வரிசையில் பெயர் வைத்தார்கள். அது பூட்டுக்குப் பூட்டு மாறித் தொலைத்தது. அதனால் 2013-ல் வந்த சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் மென்பொருள்) 197 முதல், கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டும் முறை வந்தது. அந்தப் பெயரில் உள்ள 3 என்பது பிசிஐ பஸ் (கார்டுகள் மதர்போர்டோடு பேசும் பாதை) எண். நீங்கள் மாட்டிய எஸ்எஸ்டியும் பிசிஐ சாதனம்தான். அது வரிசையில் நடுவே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டால், பின்னால் இருக்கும் கார்டு ஓரடி தள்ளிப் போகும். உங்கள் ஐபி அமைப்போ இல்லாத பழைய பெயருக்காகக் காத்துக் கிடக்கிறது.

இப்போதைக்குப் பெயரை மாற்றி எழுதினால் சரியாகிவிடும். நிரந்தரமாக வேண்டுமானால் கார்டின் அடையாளமான மேக் முகவரியை வைத்துப் பொருத்துங்கள்; நெட்வொர்க்கை அமைக்கும் நெட்ப்ளானிலும் சிஸ்டம்டியின் லிங்க் கோப்பிலும் அதற்கு வழி உண்டு. அப்புறம், புது டிஸ்க்கை எஃப்எஸ்டேபில் (பூட்டில் இணைக்கும் டிஸ்க்குகளின் பட்டியல்) சேர்க்கும்போது எஸ்டிபி என்ற மாதிரிப் பெயரால் எழுதாமல் அதன் தனி அடையாள எண்ணான யுயுஐடியால் எழுதுங்கள், நோஃபெயில் ஆப்ஷனும் போடுங்கள். நோஃபெயில் இல்லாவிட்டால், ஒரு நாள் அந்த டிஸ்க் எழவில்லை என்பதற்காக மொத்த சர்வரும் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரே தரவை ரெண்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்டு 1 இருக்கிறது. பேக்கப்பும் தேவையா?

தேவை. தப்பாக ஆர்எம் அடித்தால் ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் போகும்.

4 கோர் சிபியு. லோடு ஆவரேஜ் 12. ஆனால் டாப் கட்டளையில் பார்த்தால் 90 சதவீதம் ஐடில். எந்த சிபியு வாங்கலாம்?

எதுவும் வேண்டாம்! லினக்ஸின் லோடு கணக்கில் சிபியுவுக்காக நிற்பவர்கள் மட்டுமல்ல, டிஸ்க் பதிலுக்காகத் தூக்கத்தில் காத்திருப்பவர்களும் சேர்த்தி. 1993 முதலே இப்படித்தான். பிஎஸ் பட்டியலில் ஸ்டாட் பத்தியில் டி (ஆங்கில D) என்று நிற்கும் ப்ராசஸ்களை எண்ணிப் பாருங்கள். ஐஓஸ்டாட்டில் காத்திருப்பு நேரம் நூற்றுக்கணக்கான மில்லிவிநாடியில் இருந்தால் டிஸ்க்தான் முட்டுக்கட்டை. ஹார்டுடிஸ்க்காக இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். அதற்கு முன் ஸ்மார்ட்சிடிஎல்லில் பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள். பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் இன்றைக்கே பேக்கப். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லையா? எங்கோ ஒரு என்எஃப்எஸ் மவுண்ட் (நெட்வொர்க் வழியே இணைத்த ஃபைல்சிஸ்டம்) தொங்கிக்கொண்டிருக்கும்.

கையால் ஓட்டினால் ஓடும் பேக்கப் கட்டளை, குறித்த நேரத்தில் தானே ஓட்டும் க்ரானில் போட்டால் ஓடவில்லை.

கோப்பின் பெயரில் தேதி வர சதவீதக் குறி போட்டிருப்பீர்கள். க்ரான்டேபில் (க்ரானின் வேலைப் பட்டியல்) அந்தக் குறிக்குப் புது வரி என்று பொருள். கட்டளை அங்கேயே அறுந்துவிடும். முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போடுங்கள், அல்லது மொத்தத்தையும் ஒரு ஸ்கிரிப்டில் வைத்து அதைக் கூப்பிடுங்கள். க்ரானுக்குக் கிடைக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) மிகச் சின்னது என்பதால் ஸ்கிரிப்டுக்குள் கட்டளைகளை முழுப் பாதையோடு எழுதுவது நல்லது.

கரண்ட் போய் வந்தால் சர்வரின் தேதி பல வருடம் பின்னால் போகிறது. எச்டிடிபிஎஸ் எல்லாமே சான்றிதழ் பிழை என்கிறது.

கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தப்பானால் சான்றிதழின் செல்லுபடிக் காலமும் பொருந்தாது. 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், பெயரே அளவுதான். எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி மாட்டிவிட்டு, பயாஸில் பூட் வரிசையையும் ஒருமுறை பாருங்கள். தேதியோடு அதுவும் பழைய நிலைக்குப் போயிருக்கலாம்.