இறந்துபோன நாயின் பெயரில் ஒரு மிரட்டல்

கேள்வி: மின்னஞ்சலின் தலைப்பிலேயே என் கடவுச்சொல் இருந்தது. உள்ளே, "உன் கணினிக் கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்துவிட்டேன். 48 மணி நேரத்துக்குள் பிட்காயினாகப் பணம் அனுப்பாவிட்டால் உன் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டல். இரண்டு இரவாகத் தூக்கமில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இன்றிரவு தூங்குங்கள். பணம் அனுப்ப வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். இதே கடிதம் எனக்கும் வந்தது. எப்போதோ இறந்துபோன எங்கள் நாயின் பெயர், அதன் பின்னால் ஓர் ஆண்டு: அதுதான் என் கடவுச்சொல். தலைப்பில் அதைப் பார்த்ததும் செத்த நாய் வாசலில் வந்து குரைத்தது போல இருந்தது. முப்பது ஆண்டுகள் கணினி அறையில் வேலை பார்த்தவன்தான் நான், ஆனாலும் கை நடுங்கியது. பாதிக் கடிதம் படித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது: என் மேசைக் கணினியில் கேமராவே கிடையாது!

நடப்பது இதுதான். நீங்கள் என்றோ சேர்ந்து மறந்துபோன ஏதோ ஓர் இணையதளத்தில் திருட்டு நடந்திருக்கும். அங்கிருந்த மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் பட்டியலாகக் கை மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரே கடிதத்தை, முகவரியையும் கடவுச்சொல்லையும் மட்டும் மாற்றி, மொத்தமாக அனுப்புகிறார்கள். 2018 முதல் இந்த வகைக் கடிதங்கள் உலகமெங்கும் சுற்றுகின்றன. எழுதியவனுக்கு உங்கள் முகம்கூடத் தெரியாது. உண்மையிலேயே படம் இருந்தால் அதில் ஒன்றை இணைத்து அனுப்ப அவனுக்கு எவ்வளவு நேரமாகும்?

ஆனால் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கேமரா பொய், கடவுச்சொல் மெய். அதே சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்கள்? எனக்கு வியர்த்தது இந்தக் கேள்வியில்தான். நாயின் பெயர் இன்னும் மூன்று இடங்களில் காவல் காத்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்று என் மின்னஞ்சல். திருடிய பட்டியலில் உள்ள முகவரியையும் சொல்லையும் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்க மென்பொருள்கள் இருக்கின்றன. மின்னஞ்சல் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் கிடைத்த மாதிரிதான். ஏனென்றால் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்று எந்தத் தளத்தில் அழுத்தினாலும், புதுச் சாவி வந்து விழுவது அங்கேதான். எனவே முதலில் மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல் வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு, கைப்பேசிக்கு வரும் எண் போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் ஏற்பாடு) போடுங்கள். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றலாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹண்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தத் திருட்டுகளில் சிக்கியது என்று காட்டும். என் முகவரிக்கு நான்கு வந்தது. இரண்டு தளங்களின் பெயர் எனக்கு நினைவிலேயே இல்லை.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். அவனுடைய முதலீடே உங்கள் கூச்சம்தான்.

கேள்வி: அலுவலகத்தில் மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்கள். நான் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி வருகிறேன். இப்போது 31-ல் நிற்கிறேன். இது தவறா?
- ஓர் அலுவலக ஊழியர்

பதில்: தவறு உங்களுடையதல்ல, விதியுடையது. கடவுச்சொல்லை அடிக்கடி மாற்று, பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் சேர் என்ற உபதேசம் பரவ, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக பில் பர் என்பவர் 2003-ல் எழுதிய வழிகாட்டி பெரிய காரணம். அதில் பெரும்பகுதியை எழுதியதற்காக இப்போது வருந்துவதாக அவரே 2017-ல் சொல்லிவிட்டார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் தன் பரிந்துரையை மாற்றியது: கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றினால் போதும், நீளம்தான் முக்கியம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். மனப்பாடச் செய்யுளின் அடி வேண்டாம். அதை மனப்பாடம் செய்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. இந்தப் பத்தியை உங்கள் அதிகாரியின் மேசையில் மறந்து வைத்துவிட்டு வந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: மெத்தை வாங்குவது பற்றிப் பேசினோம், மறுநாளே கைப்பேசியில் மெத்தை விளம்பரம். ஒட்டுக் கேட்கிறார்களா?
- ஒரு குடும்பத் தலைவர்

பதில்: அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்த செயலி எதுவும் அவர்களிடம் சிக்கவில்லை. ஆனால் சில செயலிகள் திரையில் நடப்பதைப் படமாகப் பதிந்து வெளியே அனுப்பியது சிக்கியது! ஒட்டுக் கேட்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் என் எண்ணம். நீங்கள் பேசினீர்கள், வீட்டில் வேறொருவர் அதே இணைப்பில் தேடியிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: "மறைக்க ஒன்றுமில்லை என்றால் போனின் பூட்டு எண்ணைச் சொல்வதில் என்ன?" என்கிறார் கணவர். சொன்னால் மனம் ஒப்பவில்லை, சொல்லாவிட்டால் சண்டை.
- ஒரு வாசகி

பதில்: அம்மா, அந்தக் கைப்பேசியில் இருப்பது உங்கள் ரகசியம் மட்டுமல்ல. தங்கை அழுதுகொண்டே அனுப்பிய குரல் பதிவு இருக்கும். தோழி தன் மருத்துவ அறிக்கையைப் படமெடுத்து அனுப்பியிருப்பார். அவர்கள் நம்பியது உங்களை, உங்கள் கணவரை அல்ல. அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். ஆபத்து அவசரத்துக்கு எண்ணை ஓர் உறையில் ஒட்டிப் பீரோவில் வைக்கலாம். உறை கிழிந்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: பாதுகாப்புக் கேள்வியில் தாயார் பெயரைக் கேட்கிறார்கள். பொய்யான பதில் கொடுக்கும்படி என் பேரன் சொல்கிறான். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்னவள் நான்.
- ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: பேரன் பக்கம்தான் நான், டீச்சர். 2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பாலினின் மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் நுழைந்தார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் என்று கடவுச்சொல்லை மாற்றுவதற்காகக் கேட்கப்பட்டவை எல்லாம் இணையத்தில் தேடினாலே கிடைத்தன. உண்மையான பதில் உறவினர் அனைவருக்கும் தெரியும். பொய் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு ஒன்றில் தாயார் பெயருக்கு 'நீராவி இன்ஜின்' என்று போட்டிருக்கிறேன். ஒருமுறை வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தபோது, எதிர்முனையில் இருந்த பெண் அந்தக் கேள்வியைக் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மிகவும் மரியாதையாக, "சரியாக இருக்கிறது, ஐயா" என்றார்.