பையன் எந்த மாசம் பொறந்தான்?

வணக்கம் சார்,

என் பையன் கவர்மெண்ட் ஆரம்பப் பள்ளியில ஒண்ணாவது படிக்கிறான். பிள்ளைங்க ஜாஸ்தி, டீச்சருங்க கம்மி, பாத்ரூமும் சரியில்ல. போன வாரம் பேரண்ட்ஸ் மீட்டிங்ல டீச்சர் "பையன் ஸ்லோ, ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குறான்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதுட்டேன். நாத்தனார் பையனும் ஒண்ணாவதுதான், பிரைவேட் ஸ்கூல், கடகடன்னு வாசிக்கிறான். கடன் வாங்கியாவது ஸ்கூல மாத்திடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எல்லார் முன்னாடியும் சொன்னது அந்த டீச்சரோட தப்பு, அதுல மாத்துக்கருத்தே இல்ல. நீங்க அழுததப் பையன் பாத்தானா? பாத்திருந்தா இன்னைக்கு ராத்திரி அவனப் பக்கத்துல படுக்க வச்சு ஏதாவது கதை சொல்லுங்க, முதல்ல அது.

பாத்ரூம நேர்ல போய்ப் பாத்தீங்களா, இல்ல வாட்ஸாப் குரூப்ல யாரோ போட்டத வச்சுச் சொல்றீங்களா? நேர்ல பாத்திருந்தா ஹெச்.எம். கிட்ட எழுதிக் குடுங்க, எனக்கு எழுதி என்ன பிரயோஜனம். பிள்ளைங்க ஜாஸ்திங்கறது நெஜமான பிரச்சனை. 1985ல அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல குலுக்கல் மாதிரி பிள்ளைங்களப் பிரிச்சு நாலு வருஷம் பாத்தாங்க, 13லருந்து 17 பேர் இருந்த வகுப்பு 22லருந்து 25 பேர் இருந்த வகுப்ப விட நல்லாப் படிச்சுது. சரி, அத விடுங்க.

இவ்ளோ நீளமா எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு (நான் பாதிக்கு மேல வெட்டிட்டுதான் போட்டிருக்கேன்) பையன் பொறந்த தேதிய எழுதத் தோணல பாத்தீங்களா? எனக்குக் கோவமே அதுலதான்.

எந்த ஸ்கூலா இருந்தாலும் சேர்க்கைக்கு ஒரு கட்-ஆஃப் தேதி இருக்கும். அதுக்கு மறுநாள் பொறந்தவன் ஒரு வருஷம் காத்திருந்து வகுப்புலயே பெரியவனா வந்து உக்காருவான், முந்தின நாள் பொறந்தவன் கடைக்குட்டியா வருவான், ரெண்டு பேருக்கும் ஒரே பாடம் ஒரே டெஸ்ட். நாப்பது வயசுல ஒரு வருஷம்லாம் கணக்கே இல்ல, ஆனா ஆறு வயசுப் பிள்ளைக்கு அது ஆயுசுல ஆறுல ஒரு பங்கு. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவுல கட்-ஆஃப் டிசம்பர் 31. அங்க ஒன்பது லட்சத்துக்கு மேல பிள்ளைங்களோட ரெக்கார்டப் பாத்து 2012ல ஒரு ஆய்வு வந்துது. ஏ.டி.ஹெச்.டி.ன்னு, அதாவது கவனம் நிக்காம, ஒரு எடத்துல உக்காராம இருக்கற கோளாறுன்னு டாக்டர் சொன்ன பசங்கள்ல டிசம்பர்ல பொறந்தவங்க ஜனவரில பொறந்தவங்கள விட 30 சதவீதம் அதிகம், பொண்ணுங்கள்ல 70 சதவீதம். வியாதி என்ன காலண்டர் பாத்தா வரும்?

இதெல்லாம் நான் படிச்சு ஞானம் வந்து பேசல. என் சின்னவள ஒண்ணாவது சேத்தப்ப நோட்டுல "கவனம் இல்லை"ன்னு எழுதி அனுப்பினாங்க. மறுநாள் காலைல நேரா வகுப்பு வாசல்லயே போய் நின்னு அந்த டீச்சர்கிட்ட கத்தினேன், என் பொண்ணு உள்ள உக்காந்து பாத்துட்டு இருக்கான்னு கூட எனக்கு ஒறைக்கல. அந்தம்மா திரும்பக் கத்தல. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரோட கடைசிப் பக்கத்தத் தொறந்து காட்டினாங்க. பென்சில்ல பேரெல்லாம் வயசு வாரியா எழுதி வச்சிருந்தாங்க. "உங்க பொண்ணுதான் சார் கடைசி, முதல் பேர்ல இருக்கவ இவள விடப் பதினோரு மாசம் பெரியவ, நான் எழுதினது குத்தம் சொல்ல இல்ல, வீட்ல கொஞ்ச நேரம் கூட உக்காருங்கன்னு சொல்லத்தான்"னாங்க. பெத்த எனக்குத் தெரியாத கணக்கு அது. மன்னிப்புக் கேட்டேனான்னா, இல்ல, அன்னைக்குக் கேக்கல. ரொம்ப நாள் கழிச்சுத்தான் கேட்டேன்.

உங்க நாத்தனார் பையன் பத்தி ஒண்ணு. இன்டர்வியூ வச்சுப் பிள்ளை எடுக்கற எடத்துல மூணு வயசுக் கொழந்தைங்கள நிக்க வச்சுக் கலர் சொல்லு பேர் சொல்லும்பாங்க, அதுல கணீர்னு சொல்றது பெரும்பாலும் வயசுல மூத்ததா இருக்கும். அங்கயே ஒரு வடிகட்டல் நடந்துருது. கவர்மெண்ட் ஸ்கூல்ல வடிகட்டி கெடையாது, கடைக்குட்டிங்க எல்லாரும் உள்ள வரலாம். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா எப்படிமா?

ஸ்கூல மாத்தலாமான்னு கேட்டிருந்தீங்கல்ல. ரெண்டு பசங்களோட பொறந்த தேதியையும் எழுதி அனுப்புங்க, அப்புறம் பேசுவோம். அதுவரைக்கும் கடன் வாங்காதீங்க.