யெட்வாப்னே – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் போலந்தில், வார்சாவில் இருக்கிறேன். சென்ற விடுமுறையில் நண்பரோடு காரில் யெட்வாப்னே போனோம். 1941-ல் யூதர்களைக் கொட்டகையில் அடைத்து எரித்த சிற்றூர். ஊருக்கு வெளியே வயலோரமாக ஒரு கல், அவ்வளவுதான். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. வழி கேட்டபோது ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் தொண்டை அடைத்துக்கொண்டது; இங்கே ஒன்றுமே தோன்றவில்லை. பேரன் பேத்தி காலத்திலும் அந்த ஊரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத்தான் வேண்டுமா? விட்டுவிட்டால் என்ன?

ஆர்., வார்சா

அன்புள்ள ஆர்.,

ஒன்றும் தோன்றவில்லை என்று உள்ளபடி எழுதியது நல்லது. நினைவிடத்துக்குப் போனால் கண்கலங்கியே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? ஆஷ்விட்ஸில் காலணிக் குவியலும் பெட்டிகளும் கண்முன்னே கிடக்கின்றன. யெட்வாப்னேயில் அப்படி எதுவும் இல்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டு போனால்தான் உண்டு.

1939 செப்டம்பர் முதல் அந்தப் பகுதி சோவியத் பிடியில் இருந்தது. 1941 ஜூன் இறுதியில் ஜெர்மானியர் வந்தார்கள். ஜூலை 10 அன்று ஊர்க்காரர்கள் யூதர்களை வீடு வீடாக இழுத்துவந்து சந்தைத் திடலில் கூட்டினார்கள். கற்களுக்கு இடையே முளைத்திருந்த புல்லைப் பிடுங்க வைத்தார்கள். ஆண்களில் ஒரு கூட்டத்தை, உடைத்த லெனின் சிலையைச் சுமக்கவைத்து அழைத்துப் போய்க் கொன்றார்கள். பிறகு பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று மிச்சமிருந்தவர்களைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். தூண்டிவிட்டது ஜெர்மானியர். செய்தது குறைந்தது 40 உள்ளூர் ஆண்கள், இறந்தவர்கள் குறைந்தது 340 பேர் என்று போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் விசாரித்துச் சொன்னது. ஆஷ்விட்ஸில் கொன்றவனுக்குத் தான் கொல்வது யாரென்று தெரியாது. இங்கே ஒவ்வொருவருக்கும் தெரியும். நேற்றுவரை அந்த யூதர்களின் கடையில் சாமான் வாங்கியவர்கள்தானே.

நீங்கள் பார்த்தது இரண்டாவது கல். 1960-களில் வைத்த முதல் கல், நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவும் ஜெர்மன் காவல் படையும் 1,600 பேரை உயிரோடு எரித்ததாகச் சொன்னது. 1949-லேயே வோம்ஷா நீதிமன்றம் உள்ளூர்க்காரர்கள் 12 பேருக்குத் தண்டனை கொடுத்திருந்தது. ஆக, விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பொய்யை அப்படியே நிற்கவிட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் கொட்டகைக்கு அடுத்த பயங்கரம் அந்த முதல் கல்தான்.

2000-ல் வரலாற்றாய்வாளர் யான் கிராஸ் இந்தப் படுகொலையைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு மூடிவைக்க முடியவில்லை. மறு ஆண்டு, அறுபதாம் நினைவு நாளில், போலந்து அதிபர் க்வாஷ்னியெவ்ஸ்கி அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்டார். ஊரில் பெரும்பாலோர் வரவில்லை, பங்குத்தந்தையும் வரவில்லை. விழாவுக்குத் துணை நின்ற மேயர் கோட்லெவ்ஸ்கி பதவியை விட்டுவிட்டு, அப்புறம் அமெரிக்காவுக்கே போய்விட்டார். கல்லின் நடுவே கருகிய மரம் பதித்திருக்குமே, கிட்டே போய்ப் பார்த்தீர்களா? அந்தக் கொட்டகையின் நினைவாக வைத்தது. எபிரேயம், இத்திஷ், போலிஷ் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. இந்த மண்ணில் கூட வாழ்ந்த ஆண்கள், பெண்கள், குழந்தைகள் இங்கே கொல்லப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டார்கள் என்று இருக்கிறது. கொன்றது யார் என்று மட்டும் இல்லை. பழைய பொய்யை எடுத்தார்கள், அந்த இடத்தில் உண்மையை எழுதக் கை வரவில்லை.

பேரப்பிள்ளைகளுக்கு வருகிறேன். அவர்களை யாரும் தண்டிக்கச் சொல்லவில்லை. அதே வட்டாரத்தில், யான்செவ்கோ என்ற சிற்றூரில், அன்டோனினா விஷிகோவ்ஸ்கா என்ற பெண் ஏழு யூதர்களைத் தன் பண்ணையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். ஜெர்மானியர் போனபின் அக்கம்பக்கத்துப் போலந்துக்காரர்களே அவரை அடித்து நொறுக்கினார்கள், ஊரைவிட்டே போகவேண்டியதாயிற்று. கொன்றவர்கள் யாரென்று சொல்லாமல் விட்டால் அன்டோனினா யாரை எதிர்த்து நின்றார் என்பதும் சேர்ந்து மறைந்துவிடும். அவரும் அந்த மண்ணின் பாட்டிதான்.

அப்புறம், நாம் விட்டாலும் மற்றவர்கள் விடுவதாக இல்லை. 2011-ல் அந்தக் கல்லில் ஸ்வஸ்திகா வரைந்து, யெட்வாப்னேக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று பெயின்டால் எழுதினார்கள். 2025-ல் பக்கத்து நிலத்தில் பாறைகளை நட்டு, கொலையில் போலந்துக்காரர்களுக்குப் பங்கில்லை என்று பலகை பதித்தார்கள்.

முகத்தைத் திருப்பிய பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. கால் நூற்றாண்டாகக் காரில் வருபவர்களெல்லாம் அவரிடம் அந்த ஒரு வழியைத்தான் கேட்டிருப்பார்கள்.

இன்னொரு முறை போவதானால் ஜூலை 10-ல் போங்கள். போலந்து யூதர்களின் தலைமை மதகுரு (ரப்பி) வந்து பிரார்த்தனை செய்வார். எதிர்ப்பவர்களும் வரக்கூடும். சாலைக்கு அந்தப் பக்கம் புதருக்குள் பழைய யூதக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள். ஊர்க்காரர்களில் யாராவது வருகிறார்களா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.