கொடைக்கானல் ஏரிக்கு வாரியம் எங்கே?

கேள்வி: கொடைக்கானலின் இயற்கை ஏரி ஆண்டுக்கு ஆண்டு கலங்கிக் களை மண்டி வருகிறதே, முழுவதையும் ஒருமுறை தூர்வாரிப் பழைய இயற்கை நிலைக்கே கொண்டுவந்துவிட முடியாதா? சிறு வயதில் அங்கே தூண்டில் போட்டு மீன் பிடித்துச் சுட்டுத் தின்றிருக்கிறோம். பேரனையும் அப்படி ஒருமுறை அழைத்துப் போக ஆசை.
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் கேள்வியில் 'இயற்கை' என்ற சொல் இரண்டு முறை வந்திருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏரிக்கு நேர்ந்த கேடுகளில் பாதி அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

1863-க்கு முன் அங்கே ஏரி கிடையாது. சுற்றிலும் உள்ள சரிவுகளிலிருந்து இறங்கிய ஓடைகள் வந்து பரவிய சதுப்பு நிலம்தான் இருந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் அந்தப் பள்ளத்தாக்கின் வாயில் கரை போட்டு ஓடையை மறித்தார். நீர் ஏற ஏற ஒவ்வொரு கிளைப் பள்ளத்துக்குள்ளும் புகுந்து நின்றது. இன்று வழிகாட்டிகள் பெருமையோடு சொல்லும் நட்சத்திர வடிவம் அப்படி வந்ததுதான். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள அந்த நீரில் மீன் விட்டவரும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்தவரும் லெவிஞ்ச்தான். 1890-இல் படகுக் கழகம் தோன்றியது. ஆகவே 'பழைய இயற்கை நிலை' வேண்டுமென்றால் கரையை வெட்டி நீரை வடித்துவிட்டு, கோரையும் சேறுமாகச் சதுப்பைத் திரும்பப் பெற வேண்டும். நீங்கள் கேட்பது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பது நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஓர் ஏரியை.

அந்த 'ஏரி' என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. மலைக்குக் கீழே மதுரைச் சீமையில் கண்மாய் என்பார்கள், செங்கல்பட்டுப் பக்கத்தில் ஏரி என்பார்கள். எந்தப் பெயரால் அழைத்தாலும் அது மனிதன் கட்டியது, கட்டியவனும் அவன் பிள்ளைகளும் காக்க வேண்டியது. நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், கரை, நீரைத் திறந்துவிடும் மதகு, உபரி நீர் வழியும் கலிங்கு என்று அதற்கு உறுப்புகள் உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் பொறுப்பாளர் உண்டு. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தத் தேர்தலால் அமைந்த குழுக்களில் ஒன்று ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் என்பதை இந்தப் பக்கத்தில் நான் எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ச்சபை தன் ஏரிக்கென்று ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுத்தது. அந்தக் காலத்தில் ஏரியில் ஓடம் விட்டது தூர் எடுப்பதற்காக. அதற்கென்று நிவந்தம் என்ற அறக்கட்டளை எழுதிவைத்தவர்களும் இருந்தார்கள். கொடைக்கானல் ஏரியில் அன்றாடம் அத்தனை படகுகள் ஓடுகின்றன, அவற்றில் வசூலும் வருகிறது. அந்த வசூலில் எவ்வளவு ஏரிக்கே திரும்புகிறது என்று கரையில் ஒரு பலகை எழுதி வைத்தால் நான் அதை இந்த இதழின் அட்டையிலேயே வெளியிடுவேன்.

கட்டிய ஏரியை இயற்கை ஏரி என்று அழைக்கத் தொடங்கியதும், அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. உண்மையான இயற்கை ஏரிகூட அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை. இமயமலை அடிவாரத்து உத்தராகண்டில் உள்ள நைனிடால் ஏரி இயற்கையாக அமைந்தது. ஆனால் 1880-இல் 151 பேரைப் பலிகொண்ட மண்சரிவுக்குப் பிறகு அந்த மலைச் சரிவுகளில் வடிகால்கள் வலைபோல வெட்டப்பட்டன, ஊர்க் கழிவால் அடிநீரில் பிராணவாயு குறைந்த பின் 2007 முதல் குழாய் வழியே காற்றைச் செலுத்தி வருகிறார்கள். நமக்கு அருகில் உதகமண்டலம் இருக்கிறது. ஜான் சல்லிவன் 1823-இல் தொடங்கி உருவாக்கிய ஏரியின் மேல்பகுதியை மண் போட்டு மேடாக்கி, அதன்மேல் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அமைத்தார்கள். மீந்த பகுதிக்குள் ஊரின் சாக்கடையைக் கோடப்பமந்துக் கால்வாய் கொண்டுவந்து சேர்க்கிறது. ஏரிக்கு உரிமையாளர் இல்லாதபோது அதன் நீர்ப்பரப்பு முதலில் காலி மனையாகத் தெரிகிறது, பிறகு காலி மனையாகவே ஆகிவிடுகிறது.

கொடைக்கானலில் கலிங்கைப் பார்க்க வேண்டுமானால் மலைச்சாலையில் கீழே இறங்குங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சி என்று எல்லோரும் நின்று படம் எடுக்கும் 180 அடி அருவி, ஏரியிலிருந்து வழிந்த உபரி நீர்தான். வரத்துக்கால்களைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்குள் நடக்க வேண்டும். அந்த ஓடைகள் விடுதிகளின் பின்புறமும் கடைகளின் அடியிலும் ஓடி, அங்கங்கே விடப்படும் கழிவுநீரையும் சோப்பு நுரையையும் சுமந்துகொண்டுதான் ஏரியை அடைகின்றன. களை மண்டுவது ஏரியின் நோய் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது ஏரிக்கு நாம் இட்ட உரத்தின் விளைச்சல். ஓடைகளை அப்படியே விட்டுவிட்டு இயந்திரத்தால் களையை அறுத்துக் கரையில் போடுவது, வரப்பில் நின்று பயிர் அறுப்பதைப் போல ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலையாகிவிடும்.

ஓடைக்கும் மேலே மலை இருக்கிறது. பழனி மலைகளின் உச்சிப் பகுதி, மடிப்புகளில் சோலைக் காடும் முகடுகளில் புல்வெளியுமாக அமைந்தது. பெய்த மழையை அந்த மண் பிடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் கசியவிட்டது. புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்தவர்களோடு எனக்கு இருபது ஆண்டுச் சண்டை உண்டு. அந்தத் தரிசைத் திருத்துவதாகச் சொல்லித் தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் என்ற அயல்நாட்டு மரத்தையும், மரக்கூழுக்காகத் தைலமரத்தையும் நட்டார்கள். வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை, தானே பரவியது. 1973-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், பழனி மலைகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டதாகக் கண்டிருக்கிறார்கள். பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று நம்பும் வரையில் மலை நீரின் கதை நமக்குப் புரியப்போவதில்லை.

இப்போது தூர்வாருதல். சமவெளிக் கண்மாயில் வண்டலை அள்ளி வயலில் போட்டால் பயிர் செழிக்கும். அந்த நினைவில்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கொடைக்கானல் ஏரியின் வண்டல் அந்த வண்டல் அல்ல. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலை 1984-இல் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டுக் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. பிறகு இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்த அந்த ஆலையிலிருந்து பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது, முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு கண்டது 2016-இல்தான். ஆலை நின்றது பாம்பார் சோலைக்கு மேலுள்ள முகட்டில். அதன் ஓடை ஏரிக்குப் போவதில்லை. ஆனால் பாதரசம் ஆவியாகும். ஆவிக்கு வாய்க்கால் தேவையில்லை. அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதையும், அதே மலையில் உள்ள பேரிஜம், குக்கல் ஏரிகளின் நீரில் அது கணிசமாகக் குறைவு என்பதையும் பதிவுசெய்தது.

காற்றோட்டமில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அந்த வடிவில்தான் அது உயிர்களின் உடலில் ஏறித் தங்கும். பாசியிலிருந்து பூச்சிக்கும் பூச்சியிலிருந்து மீனுக்கும் போகப் போகச் செறிவு கூடும். அடியில் படிந்து கிடக்கும் சேற்றை முன்பின் பார்க்காமல் வாளி இயந்திரம் வைத்துக் கலக்கினால், உறங்குவதை நீருக்குள் எழுப்பிவிடுவோம். அள்ளிய சேற்றை யாராவது தோட்டத்துக்கு உரமாக ஏற்றிச் சென்றால், காரட்டுக்கும் பூண்டுக்கும் அதைப் பங்கு பிரித்துக் கொடுத்தவர்கள் ஆவோம். நட்சத்திர ஏரியின் ஒவ்வொரு கிளையிலும் வெவ்வேறு ஆழத்தில் சேறு எடுத்துச் சோதித்து, முடிவை ஊர் அறிய வெளியிட்ட பிறகே எங்கே வாரலாம், எங்கே தொடக்கூடாது, வாரியதை எங்கே அடைத்து வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். இதைச் சொன்னதற்காக என்னை வளர்ச்சிக்கு எதிரி என்று எழுதிய வாசகர்களுக்கும் இதே பதில்தான்.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் மலையேறி வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்திருக்கிறது. அது வண்டிகளை எண்ணும், நல்லதுதான். ஏரியை எண்ணுவதற்கு ஆள் இல்லை. படகு ஒருவர் கையில், மீன் இன்னொருவர் கையில், ஓடை வேறொருவர் கையில், சரிவில் உள்ள காடு மற்றொருவர் கையில். திட்டப் பணம் வரும்போது கைப்பிடிக் கம்பியும் வண்ண விளக்கும் வருகின்றன, 'அழகுபடுத்துதல்' என்ற பெயரில். எனக்கு வேண்டியது ஆறு பேர்: ஊரில் வாழ்கிறவர்கள், பெயர் தெரிந்தவர்கள், முகடு முதல் அருவி வரை ஒரே ஏரியாகப் பார்க்கும் அதிகாரம் உள்ளவர்கள், ஆண்டு முடிவில் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பேரனைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஏரியைச் சுற்றி அவனோடு நடங்கள், ஒவ்வோர் ஓடையும் உள்ளே வரும் இடத்தில் நின்று எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள். மீன் மட்டும் வேண்டாம். இந்த ஆண்டு பிடித்த மீனைச் சோதித்த அறிக்கையை யாரேனும் உங்கள் கையில் கொடுக்கும் வரையில், குழந்தைக்கு அதைச் சுட்டுக் கொடுக்காதீர்கள்.