கீல் வளைஞ்ச கப்பல் கிட்: மொதல்ல பசையை மூடி வைங்க மாஸ்டர்

கேள்வி: மதுரை திருநகர்ல இருக்கேன், டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர்ட் ஆனவன். ஆன்லைன்ல 26,500 ரூபாய்க்கு 'கட்டி சார்க்'ங்கிற பழைய பிரிட்டிஷ் பாய்மரக் கப்பலோட மர மாடல் கிட் (பார்ட்ஸை நாமே ஒட்டிக் கட்டுறது) வாங்கினேன், செல்லர் டெல்லி. பார்சல் வந்து 3 மாசம் கழிச்சுத்தான் பிரிச்சேன். கீல் (கப்பலோட அடியில நீளமா ஓடுற நடுப்பலகை) பிளைவுட் 6 மில்லிமீட்டர் வளைஞ்சு கிடக்கு, பல்க்ஹெட் (கீல்ல குறுக்கே நிக்கிற பலகை) 2 காணோம். கேட்டா, பிரிச்ச கிட்டை திருப்பி எடுக்க மாட்டோம், கேஸ் போட்டா டெல்லியிலதான் போடணும்ங்கிறாங்க. 5 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: நீங்க அனுப்புன போட்டோவுல 4 பல்க்ஹெட்டை ஏற்கனவே ஒட்டியிருக்கீங்க. அதோட நிறுத்துங்க. வெந்நீர்ல நனைச்சு வெயிட் வெச்சு கீலை நிமித்துற வேலையும் வேணாம். நாளைக்கு நுகர்வோர் ஆணையம் இதை பரிசோதனைக்கு அனுப்பணும்னா பொருள் வந்த நிலையில இருக்கணும், இல்லேன்னா "அவரே கைய வெச்சு கெடுத்துட்டார்"னு எதிர் வக்கீல் ஒரே வரியில முடிச்சிடுவார். கிரானைட் மேடையில கீலை படுக்க வெச்சு, அடியில ஸ்கேலை சொருகி, இடைவெளி தெரியிற மாதிரி போட்டோ, வீடியோ எடுங்க. கப்பலுக்கு முதுகெலும்பே அதுதான், அது கோணினா பலகை ஒட்டுறப்போ உடம்பு முறுக்கும், பாய்மரம் சாயும்னு ஆணையத்துல இருக்கவங்களுக்கு நாமதான் புரிய வைக்கணும், அவங்க யாரும் கப்பல் கட்டினவங்க இல்ல.

டெல்லி கதையை விடுங்க. 2019 நுகர்வோர் சட்டம் 34வது பிரிவுப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே புகார் குடுக்கலாம், அதனால மதுரை மாவட்ட ஆணையம் போதும். குடுத்த விலை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமே கிடையாது. 2 வருஷம் டைம் இருக்கு. பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டேங்கிறதும் செல்லாது, குறையுள்ள பொருளை வாங்கிக்கவோ பணத்தை திருப்பித் தரவோ மறுக்கக்கூடாதுன்னு 2020 இ-காமர்ஸ் விதியிலேயே இருக்கு.

ஆனா 3 மாசம் சும்மா வெச்சிருந்தது நமக்கு கொஞ்சம் இடிக்கும். பில்லுல காலம் எதுவும் போடலேன்னா, 30 நாளைக்குள்ள கேட்டும் திருப்பி எடுக்கலேன்னாத்தான் அது நியாயமற்ற வணிகம்னு தனியா ஒரு குற்றச்சாட்டு வைக்க முடியும், அந்த 30 நாள் தாண்டிடுச்சு, இனி குறையுள்ள பொருள்ங்கிறதை வெச்சுத்தான் வாதாடணும். அதுக்கும் எதிர் பார்ட்டி, மதுரை வெயில்ல பரண்ல கிடந்து வளைஞ்சதும்பான். பெட்டியை எங்க வெச்சிருந்தீங்கன்னு எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க. இதுல பலமான பாயிண்ட் காணாம போன பல்க்ஹெட்தான், மரம் வளையும், ஆவியாகுமா? பார்ட்ஸை லேசர்ல வெட்டி அனுப்புற ஷீட்டோட வெளிச் சட்டத்தையெல்லாம் குப்பையில போட்டுடாம பார்ட்ஸ் லிஸ்ட்டோட ஒண்ணொண்ணா ஒத்துப் பாருங்க, ஷீட்டே வரலைன்னா அது அசைக்க முடியாத சாட்சி.

இப்போ எனக்கு வயித்தைக் கலக்குனது உங்க வாட்ஸ்அப். கோவத்துல செல்லருக்கு "இதை முடிச்சு ஒரு ஹோட்டலுக்கு 70,000-க்கு குடுக்க ஆர்டர் வாங்கி வெச்சிருக்கேன்"னு எழுதியிருக்கீங்களே மாஸ்டர், யார் எழுதச் சொன்னா? லாபத்துக்கு விக்க வாங்கினவர் நுகர்வோரே இல்லைன்னு அதை வெச்சு கேஸை வாசல்லயே நிப்பாட்டப் பார்ப்பான். சுயதொழிலா பிழைப்புக்குன்னு வாங்கினா விலக்கு உண்டு, லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்குல 1995லயே சுப்ரீம் கோர்ட் இதை விளக்கியிருக்கு, ஆனா பென்ஷன் வாங்குற உங்களுக்கு அது அவ்வளவு லேசா பொருந்தாது. பொழுதுபோக்குக்கு வாங்கி, அப்புறமா ஆர்டர் வந்ததுன்னா தேதி தெரியிற மாதிரி ஆதாரம் குடுங்க. இல்லேன்னா பொய் சொல்லச் சொல்ல மாட்டேன், வேற வழி பார்ப்போம். அந்த மெசேஜை அழிக்காதீங்க, அவன் போன்லயும் அது இருக்கு.

5 லட்சமா? வேணாம். பணம் வட்டியோட, மன உளைச்சலுக்கு நியாயமா ஒரு தொகை, வழக்குச் செலவு, இவ்வளவுதான் கேளுங்க. பெரிசா கேட்டா பேராசைக்காரர்னு தோணும், உங்க மேல இருக்கிற இரக்கமும் போயிடும்.

கட்டி சார்க்குக்கும் வம்புக்கும் அப்படியே ராசி போல, 1869ல ஸ்காட்லாந்து டம்பார்ட்டன்ல அசல் கப்பலைக் கட்ட ஆரம்பிச்ச கம்பெனி கறாரான ஒப்பந்தத்துல சிக்கி, முடிக்கிறதுக்கு முன்னாடியே திவாலாகி, வேற கம்பெனிதான் முடிச்சுக் குடுத்தது. அதுக்கு விலா எல்லாம் இரும்பு, உங்களுது பிளைவுட், அதான் இந்தத் தலைவலி.

இந்த வாரமே செய்ய வேண்டியது: வாங்கின சைட்டோட குறைதீர் அதிகாரிக்கு போட்டோவோட மெயில் போடுங்க, 48 மணி நேரத்துல ஒப்புகை, ஒரு மாசத்துல தீர்வு குடுக்கணும்ங்கிறது விதி. அதே நாள் கிட் தயாரிச்ச வெளிநாட்டு கம்பெனிக்கும் பார்ட் நம்பர் போட்டு, கீலும் அந்த 2 பல்க்ஹெட்டும் அனுப்ப முடியுமான்னு கேளுங்க. நிறைய கம்பெனிங்க காணாம போன பார்ட்டை அனுப்பி வைக்கிறாங்க, வந்துட்டா கோர்ட்டுக்கே அலைய வேணாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போட்டு புகார் நம்பர் வாங்கி வைங்க. ஒரு மாசம் பார்த்துட்டு ஒண்ணும் நடக்கலேன்னா வக்கீல் நோட்டீஸ் நான் அடிச்சுத் தர்றேன், வர்றப்போ பில்லும் டெலிவரி லேபிளும் கொண்டு வாங்க, பெட்டியோட வெளி அட்டை இன்னும் இருந்தா அதையும்.