கவுன்சில் வீட்டைத் திரும்பக் கேட்டு நோட்டீஸ் வந்தால், சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: லண்டனில் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) வாடகைக்குக் கொடுத்த ஃபிளாட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு 13 வயது, ஆட்டிசம் உள்ளவன், இரவில் நித்திரை குறைவு, சுவரில் தட்டிக்கொண்டே இருப்பான். போன வருடம் தங்கை மகன் சில மாதம் எங்களோடு இருந்தபோது அவனுடைய கூட்டாளிகள் படிக்கட்டில் இருந்து புகைத்தார்கள், கத்தினார்கள் என்று கீழ் வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். அவன் இப்போது எங்களோடு இல்லை. ஆனால் போன வாரம் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பிவிட்டது, 'கிரவுண்ட் 2' என்று போட்டிருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் மானம் போய்விடும், பேசாமல் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசலாம், சாவியை மட்டும் யாரிடமும் நீட்டிவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது வெளியேற்றும் உத்தரவு இல்லை. கோர்ட்டில் வழக்குப் போடப் போகிறோம் என்று கவுன்சில் தரும் முன்னறிவிப்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வழக்குப் போட வேண்டும், நீதிபதி உத்தரவு போட வேண்டும், அதற்கும் பிறகுதான் வீட்டைக் காலி செய்ய வைக்கும் கோர்ட் அலுவலரான பெயிலிஃப் வர முடியும். நீங்களாகவே காலி செய்தால் இந்தப் படிகள் எதுவும் இல்லாமலே ஒன்பது வருட டெனன்சி, அதாவது வாடகை உரிமை, கையை விட்டுப் போய்விடும், நாளைக்கு வீடில்லை என்று அதே கவுன்சிலிடம் போய் நின்றால் 'நீங்களாகத்தானே விட்டு வந்தீர்கள்' என்று 1996-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தைக் காட்டிக் கையை விரிக்கலாம். மானம் என்று சொன்னீர்கள். நம் ஆட்களில் நோட்டீஸை மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கு பலவீனமாக இருந்தும் வீடு பறிபோவது அந்த மௌனத்தால்தான்.

சரி, இப்போது அந்த நோட்டீஸைக் கையில் எடுங்கள். எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அனுப்பியிருக்கிறார்கள் என்று அதிலேயே இருக்கும். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், பிரிவு 83 என்று இருந்தால் நீங்கள் செக்யூர் டெனன்ட், அதாவது சட்டப் பாதுகாப்பு உள்ள வாடகைதாரர். கிரவுண்ட் 2 என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கொடுத்தது என்ற காரணம், அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் வருகிறது. உங்களுடையது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் 83ZA என்றோ 84A என்றோ இருந்தால் கதையே வேறு. அது 2014-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த கட்டாயக் காரணம், அதாவது நியாயமா என்று நீதிபதி தனியாகப் பார்க்கத் தேவையில்லாத காரணம்: வீட்டில் இருப்பவரோ வந்து போகிறவரோ கடும் குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தால், இன்ஜங்ஷனை (தொல்லை செய்யாதே என்று கோர்ட் போட்ட தடையுத்தரவை) மீறியதாகக் கோர்ட் சொல்லியிருந்தால், தொல்லை காரணமாக அதிகாரிகள் வீட்டை 48 மணி நேரத்துக்கு மேல் மூடி வைத்திருந்தால், இந்த மாதிரி ஐந்து நிலைமைகளில்தான் வரும். அந்த நோட்டீஸ் என்றால் கிடைத்த நாளையும் சேர்த்து ஏழே நாளுக்குள் எழுத்தில் மறுபரிசீலனை கேட்டாக வேண்டும். கவுன்சில் வீட்டுக்குப் புதிதாக வந்து முதல் வருடத்தில் இருக்கிற இன்ட்ரொடக்டரி டெனன்சிக்காரர்களுக்கு அது 14 நாள். இந்த நாட்களைத் தவறவிட்டால் சரிசெய்வது கடினம், அதனால் பிரிவு எண்ணைப் பார்க்காமல் இன்று படுக்கப் போகாதீர்கள். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு, இங்கே நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

கிரவுண்ட் 2 என்றே வைத்துக்கொள்வோம். இதில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று, பாதகமாக ஒன்று. பாதகம் என்னவென்றால், மற்றக் காரணங்களுக்குப் போல நான்கு வாரம் காத்திருக்க வேண்டிய கட்டாயம் கவுன்சிலுக்கு இல்லை, நோட்டீஸ் கொடுத்த கையோடு வழக்குப் போடலாம், 12 மாதம் வரை அந்த நோட்டீஸ் உயிரோடு இருக்கும். அதோடு, தொல்லை கொடுத்தது நீங்களாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. வீட்டில் வசிப்பவர், வந்து போகிறவர் செய்ததற்கும் டெனன்டைக் கேட்பார்கள். பேரப்பிள்ளைகள் செய்த தொல்லைக்காக ஒரு பாட்டி மீது போர்ட்ஸ்மத் கவுன்சில் போட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. சாதகம் என்னவென்றால், தொல்லை நடந்தது என்று நிரூபித்தால் மட்டும் போதாது, வீட்டை எடுப்பது நியாயமானது என்றும் நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். பிரிவு 84 அப்படித்தான் சொல்கிறது. அக்கம்பக்கத்தார் மீது இந்தத் தொல்லை எப்படிப் பட்டது, இப்போதும் தொடர்கிறதா, திரும்ப நடந்தால் என்ன ஆகும் என்று நீதிபதி பார்த்தே ஆக வேண்டும் என்கிறது 85A. இங்கேதான் உங்கள் தங்கை மகன் போய்விட்டான் என்பது பெரிய விஷயமாகிறது. அவன் இப்போது எங்கே இருக்கிறான், எந்தத் தேதியில் போனான், அவன் பெயரில் வேறு முகவரிக்கு வந்த ஒரு பேங்க் கடிதம், ஒரு வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் சரி, வாங்கி வையுங்கள். அவன் போன பிறகு படிக்கட்டைப் பற்றி ஒரு புகாரும் இல்லை என்றால் அதுவே உங்களுக்காகப் பேசும்.

நோட்டீஸில் விவரம் என்று ஒரு பகுதி இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், தேதியும் நேரமும் போட்டு வரிசையாக. அதற்கு மொத்தமாக 'எல்லாம் பொய்' என்று பதில் எழுதுகிறவர்கள் தோற்கிறார்கள், வரிக்கு வரி பதில் சொல்கிறவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். ஒரு கொப்பி எடுங்கள், பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் அவர்கள் சொன்னது: மார்ச் 14, இரவு 11.40, தொடர்ந்து தட்டும் சத்தம், ஒரு மணி நேரம். வலப்பக்கம் உங்களுடையது: அன்று மகன் நித்திரை கொள்ளவில்லை, சுவரில் தட்டினான், 12.10-க்கு ஹாலுக்குக் கூட்டி வந்தேன், மறுநாள் காலை ஜிபிக்கு (குடும்ப டாக்டருக்கு) ஃபோன் செய்தேன். உண்மையானதை ஒத்துக்கொள்ளுங்கள், பொய்யானதை மறுத்துச் சொல்லுங்கள், ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே எழுதுங்கள். நான் உட்கார்ந்து பார்த்த ஒரு குடும்பத்தின் காகிதத்தில் பதினேழு வரிகள் இருந்தன, அதில் மூன்று நாட்கள் அவர்கள் ஊருக்குப் போயிருந்த நாட்கள், விமான டிக்கெட்டும் பாஸ்போர்ட் முத்திரையும் இருந்தன. மூன்று வரி தவறு என்று தெரிந்ததும் மீதிப் பதினான்கையும் எல்லாரும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் இந்தக் கொப்பியை நேரே ஹவுசிங் ஆபீசரிடம் கொடுத்துவிடாதீர்கள், நீங்கள் எழுதிக் கொடுப்பது எல்லாம் சாட்சியமாகும், முதலில் சொலிசிட்டர் (வக்கீல்) பார்க்கட்டும்.

கவுன்சில் உங்களைப் பற்றி வைத்திருக்கிற கோப்பையும் கேளுங்கள். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சொந்த விவரங்களைக் கேட்டு எழுதினால், சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். புகார் சொன்னவரின் பெயரை மறைத்துத்தான் தருவார்கள், பரவாயில்லை. நமக்கு வேண்டியது வேறு: சத்தம் அளக்கும் கருவி வைத்தார்களா, வைத்துப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லையா, உங்களிடம் வந்து பேசினார்களா, மகனின் நிலைமை பற்றி நீங்கள் முன்பு சொன்னதைக் குறித்து வைத்தார்களா. சிவில் வழக்கில் ஒருவர் நேரில் வராமலே அவர் சொன்னதை இன்னொருவர் மூலம் சாட்சியமாக வைக்கலாம், ஆனால் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு நிற்காத சாட்சிக்கு எவ்வளவு எடை என்று நீதிபதி யோசிப்பார், உங்கள் வக்கீல் அதைக் கேட்க வேண்டும்.

மகனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மாற்றுத்திறன் காரணமாக வரும் ஒரு நடத்தையை வைத்து வீட்டிலிருந்து வெளியேற்றுவது 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி பாகுபாடு ஆகலாம். அப்போது, இதை விடக் குறைந்த வழி இல்லை, இது அளவுக்கு மிஞ்சியதும் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு கவுன்சில் பக்கம் வரும். 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏகர்மன்-லிவிங்ஸ்டன் வழக்கில் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு வலுவானது என்று சொல்லியிருக்கிறது. குறைந்த வழி என்றால் என்ன? கனமான கார்பெட், சுவருக்கு மெத்தை வைத்த பலகை, கட்டிலைப் பொதுச் சுவரிலிருந்து நகர்த்துவது, தரைத்தளத்துக்கு வீடு மாற்றம், சோஷியல் சர்வீஸ் மதிப்பீடு. இதையெல்லாம் கவுன்சில் யோசித்ததா? நீங்களும் யோசியுங்கள், முடிந்ததை இந்த வாரமே செய்யுங்கள், ரசீதை வையுங்கள். ஜிபியிடமும் பள்ளிக்கூடத்திலும் கடிதம் கேளுங்கள். 'இவனுக்கு ஆட்டிசம்' என்ற ஒற்றை வரி போதாது, இரவில் ஏன் தட்டுகிறான், அவனால் அடக்க முடியுமா, வீடு மாறினால் என்ன ஆவான் என்று அந்தக் கடிதம் சொல்ல வேண்டும்.

சாதாரணமாக வாழும் சத்தத்தையும் தொல்லையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிள்ளை ஓடும் சத்தம், கிரைண்டர், காலையில் சாமி மணி, இவை பழைய கட்டடத்தில் கீழே அப்படியே இறங்கும். 1999-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, சவுத்வார்க், கேம்டன் கவுன்சில்களின் வழக்குகளில், வீட்டைச் சாதாரணமாகப் பயன்படுத்தும்போது வரும் சத்தம் சட்டத்தின் கண்ணில் தொல்லை ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. கிரவுண்ட் 2 அதை விட அகலமானது, எரிச்சலூட்டும் நடத்தையும் அதில் அடங்கும், ஆகவே அந்தத் தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனாலும் நியாயம் எது என்று பேசும்போது அது உதவும்.

உதவிக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் முதல் ஹவுசிங் லாஸ் பிரிவென்ஷன் அட்வைஸ் சர்வீஸ் என்று அரசு நடத்துகிறது. வீட்டைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்தே இலவச சட்ட ஆலோசனை, வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். கோர்ட் நாளன்றும் அங்கே ஒரு ஆலோசகர் இருப்பார். முழு வழக்கை நடத்த லீகல் எய்டு (வக்கீல் செலவுக்கு அரசு தரும் உதவி) வேண்டும், அதற்கு வருமானம் பார்ப்பார்கள். சிவில் லீகல் அட்வைஸ் எண் 0345 345 4345, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எடுத்தவுடனே சொல்லுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பாவம், வீடு போகப் போகிறது என்பதை ஒரு பிள்ளை தன் வாயால் தாய்க்குச் சொல்ல வேண்டி வரக்கூடாது.

வழக்குப் போட்டால் கோர்ட்டிலிருந்து காகிதங்கள் வரும், விசாரணைத் தேதியும் அதில் இருக்கும். N11R என்ற பதில் படிவத்தை 14 நாளுக்குள் அனுப்புங்கள், தாமதமானாலும் விசாரணைக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். முதல் விசாரணை சில நிமிடம்தான், உங்களிடம் உருப்படியான எதிர்வாதம் இருக்கிறது என்று தெரிந்தால் நீதிபதி அன்றே முடிக்க மாட்டார், முழு விசாரணைக்குத் தேதி கொடுப்பார். கடைசியில் வழக்கைத் தள்ளலாம், நிபந்தனையோடு ஒத்திவைக்கலாம், உத்தரவு போட்டு நிறுத்தி வைக்கலாம், வீட்டை எடுத்துக்கொள்ளவும் சொல்லலாம். நடுவில் 'இன்ஜங்ஷனுக்குச் சம்மதியுங்கள், வழக்கை விட்டுவிடுகிறோம்' என்று கவுன்சில் சொல்லலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதில் 'வீட்டில் யாரும் தட்டக்கூடாது' என்று ஒரு வரி இருந்து உங்கள் மகன் தட்டினால்? மீறல் என்று கோர்ட் சொல்லிவிட்டால் நான் மேலே சொன்ன 84A கதவு திறந்துவிடும். சொலிசிட்டர் படிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

கீழ் வீட்டுக்காரர் உங்களிடம் இன வெறியாகப் பேசியிருந்தால், கதவில் உதைத்திருந்தால், அதையும் தேதி போட்டு எழுதி இப்போதே புகார் கொடுங்கள். நாம் சகித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவோம், பிறகு கோர்ட்டில் 'முன்பு ஏன் சொல்லவில்லை' என்று கேட்பார்கள். வாடகையை ஒரு வாரம்கூட நிறுத்தாதீர்கள், பாக்கி விழுந்தால் இன்னொரு காரணத்தையும் நோட்டீஸில் சேர்ப்பார்கள். அப்புறம், அந்த நோட்டீஸ் வந்த கவரை எறிந்துவிடவில்லையே? அதன் மேல் எந்த நாள் கைக்கு வந்தது என்று இப்போதே பேனாவால் எழுதி, நோட்டீஸோடு சேர்த்து ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.